பிராகில் ஒரு வாரக்கடைசி: சனிக்கிழமை கோட்டை, ஞாயிற்றுக்கிழமை யூதர் பேட்டை

செக் குடியரசின் தலைநகரான பிராகுக்கு இதுவரை மூன்று முறை போயிருக்கிறேன். முதல் முறை ஒரு சனிக்கிழமை காலை, ஆசையோடு யூதர் பேட்டையைத் தேடிப் போனேன். அத்தனை வாசல்களும் பூட்டியிருந்தன. சனிக்கிழமை யூதர்களின் ஓய்வு நாள், அன்று அங்கே அருங்காட்சியகம் திறக்காது. சரி, கோட்டையை நாளைக்குப் பார்க்கலாம் என்று ஞாயிறு காலை மலையேறினால் பேராலயத்தில் பூசை நடக்கிறது, பார்வையாளர்களுக்கு மதியம் 12 மணிக்குத்தான் கதவு திறக்கும் என்றார்கள். மூன்று மணிக்கு எனக்கு ரயில். அந்த ஊரின் இரண்டு பெரிய இடங்களையும் பாதிகூடப் பார்க்காமல் திரும்பினேன்.

எந்த நாளில் எதைப் பார்ப்பது என்ற வரிசைதான் பிராகில் முக்கியம். சனிக்கிழமை கோட்டை, ஞாயிற்றுக்கிழமை யூதர் பேட்டை. இதை மாற்றாமல் வைத்துக்கொண்டால் இரண்டே நாளில் இந்த ஊரை மனம் நிறையப் பார்த்துவிடலாம்.

கிளம்பும் முன்

செக் குடியரசு 2007 முதல் ஷெங்கன் பகுதியில், அதாவது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டத்தில் இருக்கிறது. இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் ஷெங்கன் விசா எடுக்க வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் இருக்கும்போதாவது விண்ணப்பித்திருக்க வேண்டும். கோடைக் காலத்தில் நேர்காணலுக்கு நாள் கிடைப்பதே பெரும்பாடு என்பதால் இரண்டு மூன்று மாதம் முன்பே தொடங்கிவிடுங்கள். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஜெர்மனி, பிரான்ஸ், சுவிட்சர்லாந்து போன்ற ஷெங்கன் நாடுகளில் குடியிருப்பு அட்டையோடு வாழ்பவர்களுக்குத் தனி விசா தேவையில்லை. ஆனால் அட்டையோடு பாஸ்போர்ட்டையும் கையில் வைத்திருங்கள். எல்லையில் ரயிலுக்குள் ஏறிச் சோதிப்பது உண்டு.

ஏப்ரல் கடைசி, மே, செப்டம்பர் மூன்றும் நல்ல காலம். ஜூலை, ஆகஸ்டில் பாலத்தில் தோளோடு தோள் உரசித்தான் நடக்க வேண்டும். டிசம்பரில் கிறிஸ்துமஸ் சந்தை அழகுதான், ஆனால் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும். இரண்டு நாள் பயணத்தில் வெளிச்சம் பெரிய சொத்து, அதனால் என் ஓட்டு மே மாதத்துக்கே.

தங்க இடம் தேடும்போது பழைய நகரச் சதுக்கத்துக்கு நடந்தே போகும் தூரம் வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். அங்கே வாடகையும் அதிகம், நள்ளிரவு வரை கூச்சலும் அதிகம். வினோஹ்ராடி நான் எப்போதும் தங்கும் பகுதி. மரங்கள் நிறைந்த தெருக்கள், உள்ளூர்க்காரர்கள் உட்காரும் காபிக் கடைகள், மெட்ரோவில் ஏறினால் பழைய நகரம் சில நிமிடம். அங்கே நாமெஸ்தீ மீரு மெட்ரோ நிலையத்தின் நகரும் படிக்கட்டு 87 மீட்டர் நீளம். மேலே நின்று பார்த்தால் அடி தெரியாது. உயரம் கண்டு பயப்படுபவர்கள் முன்னால் இருப்பவரின் முதுகைப் பார்த்துக்கொண்டு இறங்குங்கள்.

காலணி விஷயத்தில் மட்டும் சமரசம் வேண்டாம். நடைபாதை முழுக்கச் சிறுசிறு சதுரக் கற்கள். அழுத்தமான அடி கொண்ட, பழகிய காலணி போட்டுக்கொள்ளுங்கள். புதுச் செருப்போடு வந்த என் நண்பர் இரண்டாம் நாள் முழுவதும் அறையில் கிடந்தார்.

வெள்ளிக்கிழமை மாலை: வந்து சேர்வது, பணம், டிக்கெட்

பெர்லினில் இருந்து ரயிலில் நான்கு மணி நேரத்துக்குச் சற்று அதிகம், வியன்னாவில் இருந்து சுமார் நான்கு மணி நேரம். பெர்லின் பக்கமிருந்து வருபவர்கள் டிரெஸ்டனைத் தாண்டியதும் போகும் திசையில் இடப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள். எல்பே ஆற்றை ஒட்டியே ரயில் போகும், அக்கரையில் மணற்பாறைக் குன்றுகள் செங்குத்தாக நிற்கும். அந்த ஒரு மணி நேரம் போனை எடுக்க மனமே வராது.

விமானத்தில் இறங்குபவர்கள் 59ஆம் எண் டிராலிபஸ்ஸில் ஏறி நாட்ராஜி வெலெஸ்லாவீன் நிலையத்தில் இறங்கி, பச்சை நிற ஏ தடத்தில் மெட்ரோ பிடித்தால் நேராக நகரின் நடுவுக்கு வந்துவிடலாம். டாக்ஸி தேவையே இல்லை.

மெட்ரோ, டிராம், பஸ் மூன்றுக்கும் ஒரே டிக்கெட். 24 மணி நேர டிக்கெட், 72 மணி நேர டிக்கெட் என்று இருக்கின்றன. வெள்ளி மாலை வந்து ஞாயிறு மாலை திரும்புபவர்களுக்கு 72 மணி நேர டிக்கெட் நிம்மதி. காகித டிக்கெட் வாங்கினால் மட்டும் போதாது, முதல் முறை ஏறும்போது மஞ்சள் பெட்டியில் சொருகி நேர முத்திரை குத்த வேண்டும். முத்திரை இல்லாத டிக்கெட், டிக்கெட் இல்லாததற்குச் சமம். பரிசோதகர்கள் சாதாரண உடையில் வருவார்கள், 'சுற்றுலாப் பயணி, தெரியாது' என்ற பேச்சு எடுபடாது. டிராமுக்குள் இருக்கும் இயந்திரத்தில் வங்கி அட்டையைக் காட்டி வாங்கும் டிக்கெட்டுக்கு முத்திரை தேவையில்லை, நேரம் அப்போதே தொடங்கிவிடும்.

அடுத்து பணம். செக் குடியரசு 2004 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தாலும் நாணயம் யூரோ அல்ல, கொருனா. சில கடைகள் யூரோ வாங்கும், ஆனால் அவர்கள் போடும் விகிதம் உங்களுக்கு நஷ்டம். பெரும்பாலான இடங்களில் அட்டை செல்லும், கையில் கொஞ்சம் கொருனா இருந்தால் போதும். அதை வங்கி ஏடிஎம்மில் எடுங்கள். 'உங்கள் நாட்டு நாணயத்தில் கணக்கிடவா?' என்று இயந்திரம் கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள், கொருனாவிலேயே கழியட்டும். தெருவில் வந்து 'நல்ல விலைக்கு மாற்றித் தருகிறேன்' என்பவரிடம் நிற்கவே நிற்காதீர்கள். வேறு நாட்டின் செல்லாத நோட்டைத் திணித்துவிட்டு மறைந்துவிடுவார்கள். பணம் மாற்றும் கடையில் ஏமாந்துவிட்டதாக உணர்ந்தால் ஒரு வழி இருக்கிறது: 2019 முதல் உள்ள சட்டப்படி, 1,000 யூரோ மதிப்பு வரையிலான பரிமாற்றத்தை மூன்று மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாம். ரசீதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

அன்று இரவு சீக்கிரம் படுங்கள். மறுநாள் விடிவதற்கு முன் வேலை இருக்கிறது.

சனிக்கிழமை அதிகாலை: பாலம்

சார்லஸ் பாலத்தைப் பகல் 11 மணிக்குப் பார்ப்பதும் விடியும்போது பார்ப்பதும் வேறு வேறு. சூரிய உதயத்துக்கு அரை மணி நேரம் முன்பு பழைய நகரப் பக்கத்துக் கோபுரத்தின் அடியில் போய் நில்லுங்கள். சூரியன் உங்களுக்குப் பின்னால் எழும். முதல் வெளிச்சம் எதிரே மலைமேல் இருக்கும் பேராலயக் கோபுரங்களைத் தொடும், பிறகு கோட்டைச் சுவர், பிறகு மலையடிவாரத்துச் சிவப்பு ஓட்டுக் கூரைகள் என்று மெல்லக் கீழே இறங்கிவரும். வல்தாவா ஆற்றில் கீழே தடுப்பணையைத் தாண்டும் தண்ணீரின் ஓசை அந்த நேரத்தில்தான் காதில் விழும்.

இதே இடத்தில் முன்பு இருந்த யூடித் பாலத்தை 1342 வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. மன்னர் நான்காம் சார்லஸ் புதிய பாலத்துக்கு அடிக்கல் நாட்டியது 1357ஆம் ஆண்டு, 9ஆம் தேதி, 7ஆம் மாதம், காலை 5 மணி 31 நிமிடம் என்று சொல்வார்கள். வரிசையாக எழுதினால் 1-3-5-7-9-7-5-3-1, ஏறி இறங்கும் ஒற்றைப்படை எண்கள். நாள் நட்சத்திரம் பார்த்து வேலை தொடங்குவது அந்த மன்னருக்கும் பழக்கம். 516 மீட்டர் நீளம், 16 வளைவுகள். இரு ஓரத்திலும் 30 சிலைகள், பெரும்பாலானவை பாலம் கட்டி முந்நூறு ஆண்டு கழித்து வந்தவை. இன்று நிற்பவற்றில் பல நகல்கள்தான், மூலச் சிலைகளைப் பத்திரப்படுத்திவிட்டார்கள்.

கோட்டையை நோக்கி நடக்கும்போது வலப்பக்கம் எட்டாவதாக இருக்கும் சிலையிடம் மட்டும் நின்று பாருங்கள். நெபோமுக் யோவான் என்ற பாதிரியார். 1393இல் அப்போதைய மன்னரின் ஆணைப்படி அவரை இந்தப் பாலத்திலிருந்து ஆற்றில் எறிந்தார்கள். சிலையின் பீடத்தில் இரண்டு வெண்கலப் பலகைகள் உண்டு. பலகை முழுதும் கறுத்திருக்க, ஆற்றில் தலைகீழாக விழும் பாதிரியாரின் சின்ன உருவம் மட்டும் தங்கம் போல மின்னும். தொட்டால் நல்லது நடக்கும் என்று தலைமுறை தலைமுறையாக விரல்கள் தேய்த்த மினுமினுப்பு அது. மற்றப் பலகையில் ஒரு நாய் இருக்கிறது, அதுவும் பளபளவென்று தேய்ந்திருக்கிறது. கூட்டம் இல்லாத அந்தக் காலை நேரத்தில் குனிந்து நிதானமாகப் பார்க்கலாம். பத்து மணிக்கு மேல் அங்கே வரிசைதான்.

சனிக்கிழமை பகல்: கோட்டை

பாலம் முடியும் இடம் மாலா ஸ்த்ரானா. அங்கே ஒரு காபி, ஏதாவது ஒரு பன். பிறகு மாலோஸ்த்ரான்ஸ்கே சதுக்கத்தில் 22ஆம் எண் டிராமில் ஏறி 'பிராஜ்ஸ்கீ ஹ்ராட்' நிறுத்தத்தில் இறங்குங்கள். பலர் அடிவாரத்திலிருந்தே படியேறி மூச்சு வாங்குகிறார்கள். டிராமில் ஏறிப்போய், இறங்கும்போது நடப்பதே புத்திசாலித்தனம். வாசலில் பாதுகாப்புச் சோதனை இருக்கலாம், பெரிய பை கொண்டு போகாதீர்கள்.

கட்டடங்கள் காலை 9 மணிக்குத் திறக்கின்றன. முற்றங்களில் நடக்கக் கட்டணம் இல்லை. பேராலயம், பழைய அரண்மனை, புனித ஜார்ஜ் ஆலயம், தங்கச் சந்து நான்குக்கும் சேர்த்து ஒரே டிக்கெட், இரண்டு நாள் செல்லும். முதலில் பேராலயத்துக்கே போங்கள், கூட்டம் அங்கேதான் முதலில் சேரும்.

புனித விட்டஸ் பேராலயத்தைக் கட்டத் தொடங்கியது 1344இல், முடித்தது 1929இல். இடையில் போர், பஞ்சம், பணமின்மை என்று நூற்றாண்டுக் கணக்கில் பாதியில் நின்றது. நுழைந்தவுடன் நீங்கள் நிற்பது கடைசியில் கட்டிய பகுதி, உள்ளே போகப்போகத்தான் பழமை கூடும். இடப்பக்கம் செக் ஓவியர் அல்ஃபோன்ஸ் முக்கா வடிவமைத்த ஜன்னல் இருக்கிறது. மற்ற ஜன்னல்களில் வண்ணக் கண்ணாடித் துண்டுகளை ஈயத்தால் இணைத்திருப்பார்கள். இதில் கண்ணாடி மேலேயே வரைந்திருக்கிறார்கள். அதனால்தான் முகங்களில் அத்தனை மென்மை. வெயில் ஏறும் நேரத்தில் ஓரத்து நீலம் தரைவரை வந்து விழும். கால் மணி நேரமாவது அங்கே நில்லுங்கள். கூட்டம் உங்களைச் சுற்றிக்கொண்டு போகட்டும், பரவாயில்லை.

பழைய அரண்மனையில் விளாடிஸ்லாவ் மண்டபம் இருக்கிறது. கூரையின் கல் விலா எலும்புகள் கொடிபோல வளைந்து பின்னிப்போகும். வெளியேறும் பக்கம் படிக்கட்டு அகலமாக, தாழ்வாக இருக்கும். போர்வீரர்கள் குதிரையோடு மண்டபத்துக்குள் வருவதற்காகக் கட்டியது. பக்கத்து அறையின் ஜன்னலிலிருந்துதான் 1618 மே 23 அன்று, மன்னரின் கத்தோலிக்கப் பிரதிநிதிகள் இருவரையும் அவர்களின் எழுத்தரையும் புரோட்டஸ்டண்டுகள் தூக்கி வெளியே எறிந்தார்கள். சுமார் 20 மீட்டர் உயரம், மூவரும் பிழைத்தார்கள். தேவதைகள் தாங்கின என்றது ஒரு தரப்பு, குப்பைமேட்டில் விழுந்தார்கள் என்றது மறுதரப்பு. ஐரோப்பாவின் பாதியைச் சுடுகாடாக்கிய முப்பதாண்டுப் போர் இதிலிருந்துதான் தொடங்கியது. அந்த ஜன்னலருகே நின்று கீழே பாருங்கள்.

தங்கச் சந்தில் 22ஆம் எண் வீட்டில் எழுத்தாளர் ஃபிரான்ஸ் காஃப்கா 1916-17 குளிர்காலத்தில் மாலை நேரங்களில் வந்து எழுதினார். வெளிர்நீலப் பொம்மை வீடு, உள்ளே இப்போது கடை. சந்து முழுக்கக் கூட்டம் நெரியும், வேகமாகக் கடந்துவிடலாம். 12 மணிக்கு முதல் முற்றத்தில் இசையோடு காவலர் மாற்றம் நடக்கும். வழியில் பட்டால் பாருங்கள், அதற்காகப் பேராலய நேரத்தைக் குறைக்காதீர்கள்.

இறங்கும்போது நெருதோவா தெரு வழியாக வாருங்கள். வீட்டு வாசல்களுக்கு மேலே மூன்று பிடில்கள், இரண்டு சூரியன்கள் என்று சின்னங்கள் இருக்கும். வீட்டு எண்கள் வருவதற்கு முன் அவைதான் முகவரி. குழந்தைகளோடு போனால் யார் அதிகம் கண்டுபிடிப்பது என்று போட்டி வையுங்கள், இறக்கம் தெரியாமல் கழிந்துவிடும்.

சாப்பாடு

மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் கவனிக்க: 'ஸ்வீச்கோவா' என்பது பாலேட்டுக் குழம்பில் மாட்டிறைச்சி, 'குலாஷ்' என்பதும் பெரும்பாலும் மாட்டிறைச்சிதான். இரண்டோடும் தட்டில் வெள்ளையாக, தடித்த ரொட்டித் துண்டுபோல வருவது 'க்னெட்லீக்கி', வேகவைத்த மாவு. குழம்பை நன்றாக உறிஞ்சிக்கொள்ளும்.

சைவர்களுக்கு எல்லா உணவகத்திலும் கிடைப்பது 'ஸ்மாஷெனீ சீர்', ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த பாலாடைக்கட்டி. உருளைக்கிழங்கோடு வரும், பசி அடங்கும். கூட வரும் வெள்ளைச் சாஸில் முட்டை உண்டு. உருளையைத் துருவி, பூண்டு சேர்த்துத் தட்டிப்போடும் 'பிரம்போராக்' நம் நாக்குக்கு நெருக்கமானது, ஆனால் சில இடங்களில் பன்றிக் கொழுப்பில் பொரிப்பார்கள், கேட்டு வாங்குங்கள். 'யா நெயீம் மாசோ' என்றால் 'நான் இறைச்சி சாப்பிடுவதில்லை'. அதற்கு முன்னால் 'டோப்ரீ டென்' என்று ஒரு வணக்கம் சொன்னால் முகம் மலர்ந்து உதவுவார்கள். தெருவெங்கும் சுட்டு விற்கும் 'த்ருடெல்னீக்' பிராகின் பழைய பலகாரம் என்று நம்பி வாங்க வேண்டாம், சுற்றுலாவோடு பெருகியது. இனிப்புக்கு அடுமனையில் பழக்கூழ் வைத்த 'கோலாச்' வாங்குங்கள்.

பழைய பாணிப் பீர் கடைகளில் மேசைமேல் ஒரு காகிதத் துண்டு வைத்து, ஒவ்வொரு கோப்பைக்கும் ஒரு கோடு போடுவார்கள். அதுதான் உங்கள் பில். கசக்கிவிடாதீர்கள். தண்ணீருக்கும் பொதுவாகக் காசு. பில்லோடு சுமார் பத்து சதவீதம் சேர்த்துக் கொடுப்பது வழக்கம்.

மாலை வெளிச்சம் மிச்சமிருந்தால் லெட்னா மேட்டுக்குப் போங்கள். வல்தாவா வளைந்து போவதும் பாலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி நிற்பதும் அங்கிருந்துதான் தெரியும். அங்கே பெரிய ஊசி ஆடிக்கொண்டிருக்கும் மெட்ரோனோம் (இசையில் தாள வேகம் காட்டும் கருவி) நிற்கும் இடத்தில் 1955 முதல் 1962 வரை ஸ்டாலினின் பிரம்மாண்டச் சிலை இருந்தது. வெடிவைத்துத் தகர்த்தார்கள்.

ஞாயிறு காலை: யூதர் பேட்டை

ஏ தடத்தில் ஸ்தாரோமெஸ்ட்ஸ்கா நிலையம். வெளியே வந்ததும் ஆற்றோரமாக ஒரு சதுக்கம், யான் பாலக் பெயரில். சோவியத் படைகள் 1968 ஆகஸ்டில் நாட்டுக்குள் நுழைந்த பிறகு மக்கள் மெல்ல அடங்கிப்போவதைப் பொறுக்காமல், 1969 ஜனவரி 16 அன்று தனக்குத் தீ வைத்துக்கொண்ட மாணவர் அவர். மூன்று நாளில் இறந்தார், வயது 20. சதுக்கத்தில் இருக்கும் சார்லஸ் பல்கலைக்கழகக் கலைப்புலத்தில்தான் அவர் படித்தார், சுவரில் அவருடைய முகத்தின் வார்ப்பு இருக்கிறது.

1348இல் தொடங்கிய இந்தப் பல்கலைக்கழகம் நமக்கும் நெருக்கமானது. பிராகில் பிறந்த கமில் சுவெலபில் தமிழ் கற்பித்தது இங்கேதான். சங்க இலக்கியத்தையும் சித்தர்களையும் முருக வழிபாட்டையும் மேற்குலகுக்கு எடுத்துச்சொன்ன அறிஞர், 1968 படையெடுப்புக்குப் பிறகு நாட்டை விட்டே போக வேண்டியதாயிற்று. அந்தச் சுவரின் முன்னால் நிற்கும்போது எனக்கு இருவரும் சேர்ந்துதான் நினைவுக்கு வருகிறார்கள்.

அங்கிருந்து சில நிமிட நடையில் பிங்காஸ் தொழுகைக்கூடம். 9 மணிக்குத் திறக்கும்போதே போய்விடுங்கள். ஆண்கள் தலையை மூட வேண்டும். உள்ளே படம் இல்லை, சிலை இல்லை. சுவர் முழுக்கப் பெயர்கள், கையால் எழுதியவை. நாஜிகள் கொன்ற, இன்றைய செக் குடியரசின் பொஹிமியா, மொராவியா பகுதி யூதர்கள், கிட்டத்தட்ட 80,000 பேர். ஊர்வாரியாக, குடும்பம் குடும்பமாக எழுதியிருக்கிறார்கள். குடும்பப் பெயர் சிவப்பில், அதன் கீழே ஒவ்வொருவரின் பெயர், பிறந்த நாள், கடைசியாக உயிரோடு இருந்ததாகத் தெரியும் நாள். ஒரு குடும்பத்தை மட்டும் எடுத்துக்கொண்டு தேதிகளைப் படித்துப் பாருங்கள். தாத்தா முதல் பேத்தி வரை கடைசித் தேதி ஒன்றாகவே இருப்பதும் உண்டு. மாடியில் நாஜிகளின் டெரெசின் முகாமில் அடைபட்டிருந்த குழந்தைகள் வரைந்த படங்கள். பட்டாம்பூச்சி, வீடு, ரயில். சிறு குழந்தைகளோடு போகிறவர்கள் முன்கூட்டியே பேசிவிட்டு அழைத்துப் போங்கள்.

பக்கத்திலேயே பழைய கல்லறைத் தோட்டம். 15ஆம் நூற்றாண்டு முதல் 1787 வரை யூதர்களைப் புதைத்த இடம், சில முறை விரிவாக்கியும் போதவில்லை. மண்ணைக் கொட்டி, பழையதன் மேலேயே புதியதைப் புதைத்தார்கள். சில இடங்களில் பன்னிரண்டு அடுக்கு. மேலே சுமார் 12,000 நடுகற்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நெருக்கியடித்து நிற்கின்றன. மிகப் பழைய கல் 1439ஐச் சேர்ந்தது.

ஞாயிறு மதியம்: சதுக்கம், கடிகாரம், ரயில்

பழைய நகரச் சதுக்கத்துக்குப் பத்து நிமிட நடை. 1410இல் செய்த வானியல் கடிகாரம் மணிக்கு ஒருமுறை இயங்கும்: எலும்புக்கூடு மணியை இழுக்கும், மேலே ஜன்னலில் இயேசுவின் சீடர்களான அப்போஸ்தலர்கள் வரிசையாகப் போவார்கள், சேவல் கூவும். ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும், அதற்காக அரை மணி நேரம் முன்பே இடம் பிடிக்க வேண்டியதில்லை. கூட்டம் கலைந்த பிறகு முகப்பைப் படிப்பதுதான் சுவாரசியம். பூமி நடுவில் நிற்க, சூரியனும் சந்திரனும் ராசி வளையமும் சுற்றுகின்றன. வெளி வளையத்தின் 24 எண்கள் சூரியன் மறைந்ததிலிருந்து நேரம் கணக்கிடும் பழைய செக் முறை.

நகர மன்றத்தின் அருகே தரையில் 27 வெள்ளைச் சிலுவைகள். 1621 ஜூன் 21 அன்று அந்த இடத்தில் மன்னருக்கு எதிரான கிளர்ச்சியின் தலைவர்கள் 27 பேருக்கு மரண தண்டனை நிறைவேற்றினார்கள். ஜன்னலிலிருந்து எறிந்த சம்பவத்துக்கு வந்த பதில் அது. எதிரே இரட்டைக் கோபுரத் தீன் ஆலயத்துக்குள் வானியலாளர் டைகோ பிராஹேயின் கல்லறை இருக்கிறது, திறந்திருந்தால் உள்ளே போங்கள்.

நேரம் இருந்தால் வென்செஸ்லாஸ் சதுக்கம். 1989 நவம்பரில் லட்சக்கணக்கில் மக்கள் திரண்டு, ஒரு துப்பாக்கிச் சூடும் இல்லாமல் கம்யூனிஸ்ட் ஆட்சியை இறக்கிய இடம். மேல்முனையில் அருங்காட்சியகத்தின் முன் தரையிலிருந்து கசிந்து எழுவதுபோல ஒரு வெண்கலச் சிலுவை, யான் பாலக்கின் நினைவாக. பிராகுக்கு வெளியே இருக்கும் குட்னா ஹோரா, டெரெசின், கார்ல்ஷ்டெய்ன் எல்லாம் இந்தப் பயணத்தில் வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் அரை நாளாவது வேண்டும்.

அங்கிருந்து பிரதான ரயில் நிலையம் நடந்தே போகலாம். ரயிலுக்கு அரை மணி நேரம் முன்பு போய் முதல் நடைமேடையைத் தேடுங்கள். கண்ணாடி அணிந்த ஒருவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் சிலை இருக்கும். அருகே ஒரு சிறுமி, ஒரு பெட்டி. அவர் நிக்கோலஸ் வின்டன். 1939இல் போர் தொடங்குவதற்கு முன் அவரும் அவரோடு சேர்ந்தவர்களும் இந்த நிலையத்திலிருந்து எட்டு ரயில்களில் 669 குழந்தைகளைப் பிரிட்டனுக்கு அனுப்பிவைத்தார்கள், பெரும்பாலும் யூதக் குழந்தைகள். ஒன்பதாவது ரயில் செப்டம்பர் 1 அன்று கிளம்ப வேண்டியது. அன்றுதான் போர் மூண்டது. ரயில் கிளம்பவில்லை.